துண்டுச் சீட்டில் வந்த கடற்கொள்ளையன்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடல் கிடையாது. மேற்கே மலை, மற்ற பக்கமெல்லாம் கண்மாயும் பருத்திக் காடும்தான். ஆனாலும் கடற்கொள்ளையர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை! வீடு கட்டக் கொட்டிய மணல் குவியல்தான் கப்பல். ஒரு கண்ணை மறைத்துக் கைக்குட்டை, கையில் தென்னை மட்டை வாள். உபயம்: பக்கத்து ஊர் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும், ராணி காமிக்ஸின் மாயாவியும். கடற்கொள்ளையரை ஒழிப்பதாகச் சபதம் செய்த பரம்பரையாயிற்றே மாயாவி!

மழை வந்தால் ஆட்டம் திண்ணைக்கு மாறும். ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதிய துண்டுச் சீட்டுகள். திருடன் சீட்டில் மட்டும் 'கடற்கொள்ளையன்' என்று எழுதிக்கொள்வார்கள். போலீஸ் சரியாகக் கைகாட்ட வேண்டும். தப்பாகக் காட்டினால் அவனுக்குப் பூஜ்யம், அவன் மார்க் திருடனுக்கு. அவ்வளவுதான் தண்டனை.

நிஜக் கடலுக்கு வருவோம். 1991-ல் சோமாலியாவில் அரசு கவிழ்ந்தது. காவல் இல்லாத கடலில் வெளிநாட்டுக் கப்பல்கள் மீனை அள்ளின. பின்னால் அங்கே கடத்தலே ஒரு தொழிலாகிவிட்டது. 2008-க்குப் பிறகு அது உச்சத்துக்குப் போனது. கொள்ளையர்களுக்குச் சரக்கு முக்கியமில்லை, மாலுமிகளுக்கான பிணைத்தொகைதான் வருமானம். கப்பல்களின் இன்சூரன்ஸ் பிரீமியம் எகிறியது. ஆயுதக் காவலர்களை ஏற்றினார்கள்.

இங்கேதான் கைகாட்டுவதில் தப்பு நடக்க ஆரம்பித்தது. 2008 நவம்பரில் ஏடன் வளைகுடாவில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். தபார் ஒரு 'கொள்ளையர் தாய்க்கப்பலை' மூழ்கடித்தது. அது கொள்ளையர்கள் கடத்தி வைத்திருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்று பிறகு தெரிந்தது. அதன் மாலுமிகளில் ஒருவர் மட்டுமே உயிரோடு மீட்கப்பட்டார்.

2010-ல் கப்பல் துறை அமைப்புகள் 'அதிக ஆபத்துப் பகுதி'யின் எல்லையைக் கிழக்கே 78 டிகிரி தீர்க்கரேகை வரை நீட்டின. கேரளக் கடற்கரை முழுக்க அதற்குள் வந்துவிட்டது. (அந்தக் கோட்டைத் தரையில் நீட்டினால் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும்கூட உள்ளேதான்! மணல் குவியல் கப்பல்களுக்கு யாரும் பிரீமியம் கேட்கவில்லை.) அந்தக் கடலில் தினமும் வலை வீசியவர்களுக்கு அப்படி ஒரு கோடு இருப்பதே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

2012 பிப்ரவரி 15. கொல்லம் கடற்கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில் 'செயின்ட் ஆண்டனி' என்ற மீன்பிடி படகு. அதில் 11 பேர். 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலியக் கப்பலில் காவலுக்கு வந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். இன்னொருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர்.

அடுத்த வருஷமே நேர்மாறாக ஒன்று. 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓஹியோ' என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. உள்ளே 35 பேர், துப்பாக்கிகள், தோட்டாக்கள். விசாரித்தால், கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்க வந்த தனியார் காவலர்களாம்! 2016-ல் அத்தனை பேருக்கும் 5 வருஷம் சிறை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. பிப்ரவரி 15-ஐ மறக்காத கரையில் துப்பாக்கியோடு ஒரு கப்பல் வந்து நின்றால் யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்?

என்ரிகா லெக்ஸி வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 2020-ல் சர்வதேச நடுவர் மன்றம், அந்த வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது, இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றது. தொகை 10 கோடி ரூபாய். இரண்டு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.

கடற்கொள்ளைக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் 2022-ல்தான் வந்தது. அந்த 78 டிகிரி கோட்டை 2015 டிசம்பரில் 65-க்குத் தள்ளினார்கள். 2023 ஜனவரி 1 முதல் 'அதிக ஆபத்துப் பகுதி' என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள்.