காணொலி வகுப்பும் கொல்கத்தா மாணவரும்: விருப்பமும் வாய்ப்பும்

காணொலிக் கலந்துரையாடல் வழியே தொலைநிலைக் கல்வி பெற மாணவர் முன்வருவரா என்னும் வினாவைக் கல்வியியலார் பெரும்பாலும் மனப்பாங்கு பற்றிய வினாவாகவே கொள்வர. 1989இல் பிரெட் டேவிஸ் வகுத்த தொழில்நுட்ப ஏற்புக் கோட்பாடு, கருவி பயன்தருமா, கையாள எளிதா என்னும் இரு எண்ணங்களை அடிப்படையாகக் கொண்டது. 2003இல் வெங்கடேஷ் முதலியோர் அதனை விரித்தபோது துணைச்சூழல் என்னும் கூறும் இடம்பெற்றது. கொல்கத்தாவின் கல்வி வரலாற்றை நோக்குமிடத்து, பின்னர்ச் சேர்ந்த இக்கூறே முதன்மையானது எனத் தெரிகிறது.

ஆசிரியரைக் காணாது பல்கலைக்கழகப் பட்டம் பெறுதல் அந்நகருக்குப் புதிதன்று. 1857இல் நிறுவப்பெற்ற கல்கத்தாப் பல்கலைக்கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே தொடங்கியது. கற்பித்தல் கல்லூரிகளின் பணியாக இருந்தது. 1997இல் தோன்றிய நேதாஜி சுபாஷ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வங்கமொழியில் அச்சிட்ட பாடநூல்களையும் கற்றல் மையங்களையும் கொண்டு இயங்கியது. பணிக்குச் செல்வோரும் இல்லறத்தாரும் இத்தகைய கல்வியை நாடுவதற்குக் காரணம், தமக்கு வாய்த்த நேரத்தில் படிக்கலாம் என்பதே. நேரலைக் காணொலி வகுப்போ குறித்த வேளையில் வந்தமரக் கோருகிறது. தூரத்தைக் குறைக்கும் கருவி காலத்தின் உரிமையைப் பறிக்கிறது எனலாம். 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பல நாட்டுத் தமிழரை நோக்கிப் பாடங்களை இணையத்தில் வைத்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

செயற்கைக்கோள்வழிக் கல்வியில் வேறொரு தடை இருந்தது. 1975-76இல் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் நடைபெற்ற சைட் சோதனையில் மேற்கு வங்கம் இடம்பெறவில்லை. 2004 செப்டம்பர் 20இல் ஏவப்பட்ட எடுசாட் இருவழித் தொடர்புக்கு வழிவகுத்தது; எனினும் அதன் முனையங்களுள் ஒருவகை, பார்த்தலுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. வினவ இயலாத மாணவனின் விருப்பத்தை அளப்பதால் பயன் சிறிதே.

2020 மார்ச்சில் கல்வி நிலையங்கள் மூடப்பட்டபோது, தொலைநிலைக் கல்வியை ஒருபோதும் தேர்ந்திராத மாணவரும் அதற்குள் தள்ளப்பட்டனர். மே 20இல் தாக்கிய அம்பான் புயல் கொல்கத்தாவிலும் தென்வங்க மாவட்டங்களிலும் மின்சாரத்தையும் இணையத்தையும் குலைத்தது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2017-18ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்திய ஊரகக் குடும்பங்களில் 14.9 விழுக்காட்டினர்க்கே இணைய வசதி இருந்தது. நகர்ப்புறத்தில் அது 42 விழுக்காடு. விடுதியை விட்டு ஊர் திரும்பிய மாணவன் ஒரே நாளில் இரண்டாம் எண்ணிலிருந்து முதல் எண்ணுக்கு இறங்கினான். திறன்பேசியும் இணையத் தரவும் வாங்க இயலாத மாணவர்க்காக ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம் நன்கொடை வேண்டியது. மாநில அரசு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்க்குக் கைக்கணினி அல்லது திறன்பேசி வாங்க ரூ.10,000 வழங்க முன்வந்தது. இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31இல் இதே நகரிலிருந்து ஜோதி பாசு பேசியதாகும். கால் நூற்றாண்டுக்குப் பின்னும் கருவி அனைவர் கையையும் எட்டவில்லை.

கருவி கிட்டியவரிடத்தும் தயக்கம் நீங்கவில்லை. ஓரறை வீட்டில் படக்கருவியை இயக்குவது வீட்டின் நிலையை வகுப்பு முழுமைக்கும் காட்டுவதாகும். படக்கருவியை அணைத்து வைத்தலை ஆர்வமின்மை என ஆசிரியர் கருதியது பொருந்தாது. அது பல இடங்களில் மானங்காத்தலாகும்.

2021 நவம்பர் 16இல் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 2022 ஜனவரியில் மீண்டும் மூடப்பட்டபோது, திறக்கக் கோரி மாணவர் அமைப்புகள் கிளர்ந்தன. அதே ஆண்டு மே, ஜூன் திங்கள்களில் கல்கத்தாப் பல்கலைக்கழக மாணவருள் ஒரு பகுதியினர் தேர்வை மட்டும் இணையவழி நடத்துமாறு போராடினர். பாடங்கள் முடியவில்லை என்பது அவர்தம் வாதம். பல்கலைக்கழகம் அதனை ஏற்காது நேரடித் தேர்வையே அறிவித்தது. வகுப்புக்கு வேண்டாத திரையைத் தேர்வுக்கு வேண்டியதை முரண் என்று தள்ளுதல் எளிது. திரைவழி நடந்த வகுப்புகளில் எவ்வளவு கற்க முடிந்தது என்பதற்கு, எந்த வினாநிரலினும் தெளிவான விடை அக்கோரிக்கையிலேயே உள்ளது.