வீடு வீடாக எண்ணிய அறிஞர்

ஒரு சமுதாயத்தில் நோயும் இறப்பும் மிகுந்திருப்பின் அதற்கு இருவகைக் காரணங்கள் கூறப்படுவதுண்டு. அம்மக்களின் பிறவியே குறையுடையது என்பர் சிலர். அவர்கள் வாழ விடப்பட்ட இடமே குறையுடையது என்பர் வேறு சிலர். முதற்கூற்று ஆதிக்கம் செலுத்துவோர்க்கு உவப்பானது. அதில் அவர்களுக்குப் பொறுப்பேதும் இல்லை. இரண்டாம் கூற்றை நிலைநாட்டச் சான்று வேண்டும். அச்சான்றைத் தேடி ஒரு நகரத்தின் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கிய அறிஞர் ஒருவரின் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலர் வாயிலாக நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அமெரிக்காவில் அடிமை முறை 1865-ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிந்தது, இழிவு ஒழியவில்லை. கறுப்பின மக்களிடையே இறப்பு மிகுதியாக இருப்பதற்கு அவர்களுடைய இன இயல்பே காரணம் என 1896-இல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்னும் காப்பீட்டுத் துறைப் புள்ளியியலாளர் ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டில், பிலடெல்பியா நகரின் ஏழாம் வார்டில் வாழ்ந்த கறுப்பின மக்களைப் பற்றி ஆராயப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் டு பாய்ஸ் என்பவரை அமர்த்தியது. 1868-இல் பிறந்த அவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆவார்.

டு பாய்ஸ் தம் மனைவியுடன் அப்பகுதியிலேயே குடியேறினார். குடும்பம், தனிமனிதர், வீடு, தெரு எனத் தனித்தனி வினாப் படிவங்களை வகுத்துக்கொண்டு கதவுதோறும் சென்றார். தங்களை ஆராய்ச்சிப் பொருளாக்குவதை அம்மக்கள் முதலில் விரும்பவில்லை. எனினும் அவர் சளைத்தாரில்லை. அவர் கணக்கெடுத்த 2,441 குடும்பங்களுள் குளியலறையும் கழிப்பறையும் பயன்படுத்த வாய்ப்புப் பெற்றவை 334 மட்டுமே. அதாவது, ஏறத்தாழ ஏழு குடும்பங்களுக்கு ஒன்று!

நகரின் இறப்புக் கணக்குகளையும் அவர் வார்டு வாரியாக ஒப்பிட்டார். சுகாதாரக் கேடு மலிந்த ஐந்தாம் வார்டில் கறுப்பின மக்களின் இறப்பு வீதம் மிகுந்திருந்தது. நல்ல வீடுகளும் துப்புரவான தெருக்களும் அமைந்த முப்பதாம் வார்டில் அது குறைந்திருந்தது. இனம் ஒன்றே, இடம் வேறு. பிறவிதான் காரணமெனில் இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றும்? 1899-இல் வெளிவந்த அவரது நூலில் இவ்வுண்மை இடம்பெற்றது. தம் மக்களிடையே இருந்த சுகாதார அறியாமையையும் அந்நூலில் அவர் மறைக்கவில்லை. 1906-இல் அட்லாண்டாப் பல்கலைக்கழகத்தில் அவர் முன்னின்று நடத்திய மாநாடு, ஊர்தோறும் நலவாழ்வுச் சங்கங்கள் அமைக்குமாறு கறுப்பின மக்களுக்குப் பரிந்துரைத்தது.

இவ்வறிஞர் நமக்கு அயலாரல்லர். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டு 1946-இல் அண்ணல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். தீண்டாமைக்கு ஆளான இந்திய மக்கள்பால் தமக்குள்ள பரிவைத் தெரிவித்து டு பாய்ஸும் மறுமொழி விடுத்தார்.

இளைஞர்களே! இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் எழுத்தறிவை வளர்த்தது. அவ்வெழுத்தைக் கொண்டு இனி நம் தெருக்களையும் எழுதுவோம். எத்தனை குடும்பங்களுக்கு ஒரு குழாய்? கழிப்பிடம் இல்லாத வீடுகள் எத்தனை? சாக்கடை தேங்கும் தெருக்கள் எவை? ஓராண்டில் நாம் இழந்த குழந்தைகள் எத்தனை பேர்? இவற்றை ஆண்டுதோறும் குறித்து வைப்போமாயின், நம் கோரிக்கை வெறும் முறையீடாக நில்லாது, மறுக்கவொண்ணாச் சான்றாக அலுவலகங்களின் வாயிலில் நிற்கும். நம்மை நாமே எண்ணத் தவறினால், நம்மை இகழ்வோர் எழுதுவதே கணக்காகிவிடும்.