பாரங்குறைந்த கார்களின் இன்பம்: கொழும்பு மோட்டார் வரலாற்றில் ஒரு நோக்கு

இலங்கையில் மோட்டார் வாகனத்தின் வரலாறு பெரும்பாலும் தோட்டங்களின் வரலாறாகவோ, வீதிகளின் வரலாறாகவோ, அன்றேல் பஸ் கம்பனிகளின் வரலாறாகவோதான் எழுதப்பட்டுள்ளது. வாகனத்தைச் செலுத்துபவனின் கையும் மனமும் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஆயினும் கொழும்பில், வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை, பழைய கார்களைப் பேணுவோரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று ஒன்றுண்டு. வேகத்திலும் வலுவிலும் புதியவை எவ்வளவோ விஞ்சி நிற்பினும், ஓட்டுவதில் உள்ள இன்பம் பழைய சிறிய கார்களுக்கே உரியது என்பதே அது. இதனை இளமைக் காலத்தின் மீதான ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், தான் பிறப்பதற்கு முன்னரே செய்யப்பட்ட மினி காரொன்றை இருபது வயதில் முதன்முறையாக ஓட்டும் இளைஞனும் அதையே கூறுகின்றான். அவனுக்கு ஏங்குவதற்கு அக்காலம் சொந்தமன்று. எனவே காரணத்தை நினைவில் அன்றி வண்டியின் அமைப்பிலேயே தேடவேண்டும்.

கொழும்புக்குப் பரிச்சயமான இரு சிறு கார்களையும் வடிவமைத்தவர் ஒருவரே. அலெக் இசிகொனிஸ் என்னும் அப்பொறியியலாளர், பெரிய கம்பனிகளின் பணிக்கிடையே, நண்பர் ஜோர்ஜ் டவ்சனுடன் சேர்ந்து 1930களில் ஒரு பந்தயக் காரைத் தம் கைகளாலேயே உருவாக்கினார். 'லைற்வெயிற் ஸ்பெஷல்' என்பது அதன் பெயர்; பெயருக்கேற்ப அதன் நிறை அறுநூறு இறாத்தலைத் தாண்டவில்லை. சில்லுகளின் அதிர்வைத் தாங்க அவர் றப்பரைப் பயன்படுத்தினார். அதிற் கற்ற பாடமே 1948இல் மொறிஸ் மைனராகவும், 1959இல் மினியாகவும் வீதிக்கு வந்தது. மைனரின் முன்மாதிரி மிக ஒடுங்கியதாகத் தோன்றவே, அதனை நெடுக்காக இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் அகட்டினார். அம்மாற்றத்தின் தழும்பை அக்காரின் முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டையில் இன்றுங் காணலாம். மினியோ வெறும் பத்தடி நீளமும், பத்து அங்குலச் சில்லுகளும், 848 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் கொண்டு, அறுநூறு கிலோகிராம் அளவிலேயே நின்றது.

இத்தகைய கார்கள் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, இங்கு மோட்டார் பழக்கம் புதியதன்று. 1904ஆம் ஆண்டிலேயே இலங்கை மோட்டார்ச் சங்கம் தோன்றியிருந்தது. ஆனால் முன்னைய கார்கள் துரைமாருக்கும் செல்வந்தருக்கும் உரியவை. மைனரே அரசாங்க உத்தியோகத்தரின் முற்றத்துக்கு வந்த கார் எனலாம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தையின் ஒடுங்கிய ஒழுங்கைகளுக்கும், ஜம்பட்டா வீதியை அண்டிய கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களுக்கும் அதனினும் பொருத்தமான அளவு வேறில்லை. நகரின் வாடகைக் கார்களாகவும் மைனர்கள் நெடுங்காலம் ஓடின.

இவை இவ்வளவு காலம் நிலைத்தமைக்குக் காரணம் இரசனையன்று, பற்றாக்குறையே. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள், இருந்த கார்களையே ஓட்டவேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் பழைய இரும்பாகக் கழிக்கப்பட்டவை இங்கு மீண்டும் மீண்டும் கழற்றிப் பூட்டப்பட்டன. பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளும், சிறு பட்டறைகளிற் கடைசல் பிடித்த கைகளும் ஒரு தொழிற்கல்வியையே வளர்த்தன. காரை ஓட்டியவனே அதன் அடியிற் படுத்துத் திருத்தியவனாகவும் இருந்தமையால், அதன் ஒவ்வொரு ஒலிக்கும் பொருள் அறிந்திருந்தான். இன்பத்தின் ஒரு பகுதி இவ்வறிவிலேயே தங்கியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அக்கார்களிற் பல இயல்பான முதுமையால் அழியவுமில்லை. 1983 ஜூலையில் கொழும்பின் தமிழர் வாழ் பகுதிகளில் வீடுகளோடும் கடைகளோடும் வாகனங்களும் தீக்கிரையாயின. தப்பியவற்றுட் சில, உரிமையாளர் கப்பலேறியபோது கைமாறின.

பந்தயத் துறையிலும் பாரங்குறைந்த கார்களுக்கு இங்கு நீண்ட மரபு உண்டு. நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்தினூடே வளைந்தேறும் பாதையில் மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கிற்று. மலையேற்றத்தில் நிறையே முதற்பகை. ஒவ்வொரு கிலோவையும் இயந்திரம் மேலே சுமக்கவேண்டும், ஒவ்வொரு வளைவிலும் ரயர்கள் அதனைத் தாங்கவேண்டும். பின்னர் களுத்துறைக்கு அண்மையில், போர்க்கால விமானத்தளமான கட்டுக்குருந்தையின் ஓடுபாதையிலும் பந்தயங்கள் நடைபெற்றன. இக்காலத்திலும் 1300 கன சென்ரிமீற்றர் போட் லேசர், மஸ்டா கார்களுக்கென இலங்கைப் பந்தயங்களில் ஒரு வகுப்பு ஒதுக்கப்படுவது, வலுவினும் கைத்திறனையே காணவிரும்பும் அம்மரபின் தொடர்ச்சியாகும். உலக அரங்கில் இதற்குச் சிறந்த சான்று 1964ஆம் ஆண்டு மொன்ரி கார்லோ போட்டி. பனி படர்ந்த மலைப்பாதைகளில் பாடி ஹொப்கேர்க் செலுத்திய சின்னஞ்சிறு மினி கூப்பர், 4.7 லீற்றர் இயந்திரங் கொண்ட அமெரிக்க போட் பல்கனை இரண்டாமிடத்துக்குத் தள்ளிற்று. வெவ்வேறு இயந்திர அளவுகளைச் சமன்செய்யும் கணிப்புமுறை அப்போட்டியில் இருந்தது உண்மையே. ஆயினும் 1965இலும் 1967இலும் மினியே மீண்டும் வென்றது.

வலுவுக்கும் நிறைக்கும் உள்ள விகிதமே இன்பத்தின் திறவுகோல் எனப் பலர் கருதுவர். அது போதிய விளக்கமன்று. 1275 கன சென்ரிமீற்றர் கூப்பர் 'எஸ்' காரின் இயந்திரம் தந்தது 76 பரிவலு. தொன்னுக்கு ஏறத்தாழ 110 எனக் கொள்ளலாம். இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கள் பலவும் இவ்விகிதத்தை எட்டிவிடுகின்றன. ஆனால் அவற்றை ஓட்டுவோர் மெய்சிலிர்ப்பதில்லை.

உண்மையான வேறுபாடு ரயருக்கும் கைக்கும் இடையே நிகழ்கின்றது. ஒரு ரயரின் மீதுள்ள சுமை இருமடங்கானால், அதன் பிடி முற்றாக இருமடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே கூடும். ஆகவே பாரமான காருக்கு அகன்ற ரயர் தேவைப்படுகின்றது. அகன்ற ரயரைத் திருப்பக் கைவலு போதாமையால் துணைவலு புகுத்தப்படுகின்றது. பாரத்தை நிறுத்தப் பெரிய பிறேக், அதனைத் தாங்கத் தடித்த அச்சுகள், இவை அனைத்தையும் இழுக்கப் பெரிய இயந்திரம் என ஒன்று மற்றொன்றை அழைத்துவர, நிறை தன்னைத்தானே பெருக்கிக்கொள்கின்றது. மைனரிலோ பற்சில்லும் பற்சட்டமும் கொண்ட நேரடி ஸ்ரியறிங் அமைப்பு, இடையில் எவ்வுதவியுமின்றி முன்சில்லுகளைக் கையோடு இணைத்தது. வளைவொன்றில் ரயர் தன் பிடியின் எல்லையை நெருங்குகையில் வளையம் இலேசாவதை விரல்கள் உணரும். ஒடுங்கிய ரயரோ சட்டென வழுக்காது. முதலில் முனகும், பின் மெல்ல நழுவும், திருத்திக்கொள்ள அவகாசம் அளிக்கும். சடத்துவம் குறைவாகையால் திருத்தமும் உடனே பலிக்கும்.

இதில் வேகத்தின் பங்கு வியப்பூட்டுவது. மைனர் தன் எல்லையைக் குறைந்த வேகத்திலேயே காட்டிவிடும். நகர எல்லைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற் செல்லச் சட்டம் இடந்தராத கொழும்பில், அவ்வேகத்துக்குள்ளேயே ஒரு வளைவைச் சீராக எடுத்த நிறைவை அது அளிக்கின்றது. புதிய வலுமிக்க கார் அதே உணர்வைத் தருவதற்கு அதன் இருமடங்கு வேகம் வேண்டும். அதற்குரிய வீதியும் இல்லை, சட்டமும் இல்லை. ஆகவே அத்தகைய காரின் திறமை தெஹிவளைச் சந்தியின் நெரிசலில் உறங்கிக்கிடக்கின்றது.

நிறை குறைந்தாற் போதும் என்று இதனாற் கொள்ளுதல் தவறு. அண்மைக் காலத்தில் கொழும்பை நிறைத்த சுசூக்கி வகன் ஆர் ஏறத்தாழ 800 கிலோகிராம் நிறையே உடையது. மைனருக்குப் பெரிதும் கூடியதன்று. சிக்கனத்திற் சிறந்த அவ்வண்டியைப் பந்தயக் காரென எவரும் கருதார். உயர்ந்த உடல், தானியங்கிக் கியர், உணர்வற்ற மின் ஸ்ரியறிங் என்பன அதன் இலகுத் தன்மையை ஓட்டுநர் கைக்கு எட்டாது மறைத்துவிடுகின்றன. பாரக்குறைவு வாயில் மட்டுமே. அதன்வழி வரும் செய்தி கைக்குச் சேரவேண்டும்.

தமிழறிந்தோருக்கு இவ்விடத்து நளன் நினைவுக்கு வருதல் இயல்பு. பாகனாய் மாறுவேடம் பூண்ட நளன் நெடுவழிப் பயணத்துக்கு மெலிந்த குதிரைகளையே தேர்ந்தான். அரசன் அவற்றைக் கண்டு ஐயுற்றான். பருத்தவற்றின் வலுவினும் மெலிந்தவற்றின் இசைவே அப்பாகனுக்கு வேண்டியதாயிருந்தது. யப்பானியரும் ஏறத்தாழ இவ்வழியிலேயே சிந்தித்தனர். 1989இல் மஸ்டா வெளியிட்ட எம்.எக்ஸ்.-5 என்னும் திறந்த காருக்கு, குதிரையும் வீரனும் ஓருடலாதல் என்னும் அவர்களின் பழந்தொடரே வழிகாட்டிற்று. ஒரு தொன்னுக்குள் அடங்கிய அக்கார், பழைய ஆங்கிலச் சிறுகார்களின் இன்பத்தை, அவற்றின் எண்ணெய்க் கசிவின்றி மீட்டுத்தந்தது.

எனினும் இவ்வின்பத்துக்கு ஒரு விலை இருந்தது. அதனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. மைனரின் கதவுக்குள் மெல்லிய தகடே உண்டு. மோதலில் நசுங்கித் தாக்கத்தை ஏற்கும் முன்பகுதியோ காற்றுப்பையோ அதற்கில்லை. ஆரம்பகால மைனர்களில் ஆசனப் பட்டியும் இல்லை. லொறியொன்று மோதினால் பின்னிருக்கைக் குழந்தைக்கு அது அளிக்கும் காப்பு அற்பமே. பின்வந்த கார்களின் நிறையில் ஒரு பங்கு சொகுசுக்கும் ஆடம்பரத்துக்கும் உரியதாயினும், மறுபங்கு உயிர்களைக் காப்பதற்காகச் சேர்க்கப்பட்ட உருக்கு. பழைய காரைப் போற்றுவோர் பலர் தம் குடும்பத்தை நீண்ட பயணத்துக்குப் புதிய காரிலேயே அனுப்புகின்றனர். முரண்போலத் தோன்றும் இச்செயலில் அறிவுடைமை உண்டு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டபோது, வரலாறு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது போலாயிற்று. ஐந்தாண்டுகளின் பின், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்ததும், மின்கல வண்டிகள் முன்வரிசையில் வந்துசேர்ந்தன. அவற்றுட் சில 1,700 கிலோகிராமுக்கும் மேற்பட்டவை. ஆர்முடுகலில் பழைய கூப்பர் அவற்றின் நிழலையும் தொடாது. காலி வீதியில் அவற்றினிடையே இன்னும் மைனர்கள் ஓடுகின்றன. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்த நிலையமொன்றுக்கு வேண்டிய உடற்தகடுகள் 1990களில் இலங்கையிலேயே செய்யப்பட்டு, அவை ஒருகாலத்தில் வந்திறங்கிய கடல்வழியே திரும்பிச் சென்றன.