கண்ணாடிக்குள் ஒரு தீவு

வேலணைத் தீவின் சாட்டிக் கடற்கரையில் நிற்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது உப்புநீர்தான். ஆனால் அக்கடலிலிருந்து அதிக தூரமில்லாத மணற்பாங்கான நிலத்தில் கிணறுகள் உண்டு. அவற்றில் நன்னீரும் உண்டு. தீவகத்தின் வேறு ஊர்களுக்கும் குடிநீர் கொடுத்துவந்த கிணறுகள் அவை. நாற்புறமும் கடல் சூழ்ந்த ஒரு தீவு தன் வயிற்றில் நன்னீரை எப்படிக் காத்து வைத்திருக்கிறது?

நேயர்களே, இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு வேறொரு தீவின் வரலாற்றை இன்று பார்ப்போம். அது கண்ணாடிப் பெட்டிக்குள் மனிதன் உண்டாக்கிய தீவு. ஒரு பக்கம் நிலம், மறுபக்கம் நீர், இரண்டிலும் செடிகள், அவற்றிடையே சில சிறு உயிர்கள். விவேரியம் என்று அதற்குப் பெயர். உயிருள்ளவற்றை வைத்திருக்கும் இடம் என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள்.

நிலத்தையும் நீரையும் மரத்தையும் புள்ளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது தமிழருக்குப் புதிதல்ல. திணை என்ற எண்ணமே அதுதான். நம்பியகப்பொருள் தரும் கருப்பொருள் பட்டியலில் நீரும் ஒன்று. ஒவ்வொரு திணைக்கும் உரிய நீர் இன்னதென்று அது வகுக்கிறது. நெய்தலுக்கு அங்கே சொல்லப்படுவது மணற்கிணறு. சாட்டியைக் கண்டவருக்கு அந்த இலக்கணத்துக்கு உரை வேண்டியதில்லை.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனின் கிழக்குப் பகுதியில் நதானியேல் வார்ட் என்ற மருத்துவர் வாழ்ந்தார். பன்னச்செடிகள் மீது அவருக்குத் தீராத ஆசை. ஆனால் நிலக்கரிப் புகை படிந்த அந்த நகரத்தில் அவர் நட்டவை எல்லாம் பட்டுப்போயின. 1829ஆம் ஆண்டில் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் புதைத்து, மூடிய கண்ணாடிப் போத்தலில் வைத்தார். பூச்சி வெளிவருவதைக் காண்பதே அவர் நோக்கம். சில நாட்களில் அந்த மண்ணில் ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் துளிகளாகப் படிந்தது. பின்னர் வழிந்து மண்ணுக்கே திரும்பியது. ஒரு துளி நீரும் ஊற்றாமல் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அச்செடிகள் உயிரோடிருந்தன. அவர் ஊரில் இல்லாத சமயம் மூடி துருப்பிடித்து, மழைநீர் அளவுக்கு மீறி உள்ளே புகுந்தது. செடிகள் இறந்தன. நீரில்லாமல் அல்ல, நீர் மிகுந்து அவை இறந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இந்தக் கண்டுபிடிப்பு ஒரு மருத்துவரின் யன்னலோரத்தில் நின்றுவிடவில்லை. அக்காலத்தில் கப்பலில் செடி கொண்டுசெல்வது பெரும் சூதாட்டம். சீனத்திலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் செடிகளில் ஆயிரத்தில் ஒன்றே உயிரோடு போய்ச் சேர்கிறது என்று 1819இல் ஜோன் லிவிங்ஸ்ரன் என்பவர் கணக்கிட்டிருந்தார். உப்புக்காற்றும் நன்னீர்ப் பஞ்சமுமே காரணங்கள். 1833இல் வார்ட் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்துச் சிட்னிக்கு அனுப்பினார். அவை பசுமையோடு போய்ச் சேர்ந்தன. பெட்டிகள் திரும்பி வரும்போது அவுஸ்திரேலியச் செடிகளைச் சுமந்து வந்தன. 1842இல் தமது அனுபவத்தை அவர் நூலாக வெளியிட்டார்.

நமது நாட்டின் தலைவிதியிலும் அந்தப் பெட்டிக்குப் பங்குண்டு. ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த இறப்பர் விதைகள் 1876இல் கியூ தாவரவியல் பூங்காவில் முளைத்தன. அதே ஆண்டில் ஏறக்குறைய 1,900 கன்றுகள் 38 வார்ட் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. கன்றுகளுக்கு உப்புக்காற்றுப் படாமல் கண்ணாடி கிடைத்தது. அதே நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்த தொழிலாளருக்கு அப்படியொரு காப்பு இருக்கவில்லை. வழியில் மாண்டவர் பலர். தோட்டங்களின் வரலாற்றை எழுதும்போது பெட்டியையும் பாதையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நிலத்தோடு நீரையும் சேர்க்கும் முயற்சி எப்போது தொடங்கியது? வார்ட் தமது பன்ன வீட்டுக்குள்ளேயே நீர்த்தொட்டி வைத்து, நீர்ச்செடிகளோடு பொன்மீன்களையும் வளர்த்தார். அது ஏன் நிலைக்கிறது என்பதை ஆராய்ந்தவர் ரொபேர்ட் வாரிங்ரன் என்ற இரசாயனவியலாளர். 1850இல் அவர் வெளியிட்ட கட்டுரை அதைச் சொல்கிறது. கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு பொன்மீன்களையும் வலிசினேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைச் செடி எடுத்து, ஒட்சிசனைக் கொடுத்தது. ஆயினும் அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. அழுகலைத் தின்னும் குளத்து நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது. மீனும் செடியும் போதா, குப்பை பொறுக்கும் மூன்றாவது ஆளும் வேண்டும் என்பதே அவர் கண்ட பாடம். 1853இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மீன் மாளிகை திறந்தது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் அக்வேரியம் என்ற சொல்லைப் பரப்பியது.

இப்பெட்டிகளுக்கு இலங்கை அளித்த கொடை ஒன்றுண்டு. கிரிப்டோகொரைன் என்ற சிறு செடிக்குலம் அது. அதன் பல இனங்கள் நமது ஈரவலய ஓடைகளுக்கே உரியவை. அவற்றுள் ஒன்று, ஹெனரத்கொடை இறப்பர்க் கன்றுகளைப் பெற்ற காலத்தில் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் பெயரைத் தாங்குகிறது. வெள்ளத்தில் மூழ்கியும் வறட்சியில் கரையில் நிமிர்ந்தும் வாழக்கூடிய இச்செடி, நிலமும் நீரும் கூடும் எல்லைக்கென்றே பிறந்தது. இன்று உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் அது வளர்கிறது.

முதன்முதலாக இப்படி ஒன்றை அமைக்க விரும்பும் இளைஞருக்கு இவ்வரலாறே வழிகாட்டும். தொட்டியின் ஒரு பக்கத்தைக் கல்லடுக்கியோ கண்ணாடித் துண்டால் தடுத்தோ நிலமாக்குங்கள். அடியில் சல்லிக்கல், அதன்மேல் வலைத்துணி, சிறிது கரி, பின்னர் மண். மண் எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். இல்லையேல் வேர் அழுகும். நமது கரையோரத்துச் சுண்ணக்கல்லும் பவளக்கல்லும் நீரில் கரைந்து அதன் வன்மையைக் கூட்டும். ஐயமிருந்தால் கல்லில் சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணம். பெட்டியை நேர்வெயிலில் வையாதீர்கள். முதலில் செடி, பிறகு நத்தை, கடைசியில் மீன். மீன் கழிவின் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். இடம் மாற்றி நட்ட கிரிப்டோகொரைன் இலைகள் கரைந்துபோவதும் உண்டு. செத்ததென்று பிடுங்கிவிடாதீர்கள், வேர் உயிரோடிருக்கும். முதற் பெட்டி கெடுவது பெரும்பாலும் அவசரத்தால்தான்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பெட்டியில் மிகுந்த செடியைக் குளத்தில் எறியாதீர்கள். அழகுக்காக நாட்டுக்குள் வந்த ஊதாப்பூ ஆகாயத்தாமரை நீர்நிலைகளை மூடத் தொடங்கியதால், 1909இல் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

இப்போது சாட்டிக்குத் திரும்புவோம். ஒல்லாந்தர் வேலணைத் தீவுக்குத் தமது நகரமான லெய்டனின் பெயரைச் சூட்டினார்கள். அவர்கள் நாட்டுப் பொறியியலாளர் பதோன் கைபன் 1888இல் அம்ஸ்ரடாம் அருகிலும், ஜெர்மனியரான ஹேர்ஸ்பேர்க் 1901இல் வடகடல் தீவுகளிலும் ஓர் உண்மையைக் கண்டார்கள். கரையோர நிலத்தின் அடியில் நன்னீர், பாரம் கூடிய உப்புநீரின் மேல் வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் உண்டு. நம்பிக்கை தரும் கணக்குத்தான். ஆனால் அதைத் திருப்பியும் படிக்க வேண்டும். மேலே ஓரடி குறைந்து அப்படியே நின்றுவிட்டால், கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறும்.

கல்வியைச் சொல்லவந்த வள்ளுவர் மணற்கேணியை உவமையாக எடுத்தார். உள்நாட்டுக் கேணிக்கு அது பொருந்தும். தீவின் கேணியை ஆழத் தோண்டினால் உவர்தான் ஊறும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதன் களைத்தான். அந்த வேளையில் கிணறு இளைப்பாறியது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

வார்ட்டின் போத்தலில் ஏறிய ஈரம் கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. தீவுக்குக் கண்ணாடி இல்லை. வடகீழ்ப் பருவமழை ஒன்றே அதற்குத் திரும்பிவரும் நீர். அந்த மழையைக் குளத்திலும் கேணியிலும் வயல் வரம்பிலும் மறித்து மண்ணுக்குள் விட்டவர்கள் நம் முன்னோர். தொட்டி கெட்டால் கழுவிவிட்டு மறுபடி தொடங்கலாம். உவர் ஏறிய தீவைக் கழுவ மழையைத் தவிர வேறு நீரில்லை. அதற்கு எத்தனை மாரிகள் வேண்டுமோ!