ஒருங்கிணைந்த விஞ்ஞானம் வந்த வரலாறு

யாழ்ப்பாண நகரின் தென்கீழ் ஓரத்திற் கடனீரேரிக் கரையில் அமைந்த ஊர் கொழும்புத்துறை. பூநகரிக்குத் தோணியேறுவோர் முற்காலத்தில் இத்துறையை நாடினர். யோக சுவாமிகள் வாழ்ந்த குடில் இங்கு இருந்தமையாற் சமய உலகிலும் இவ்வூர்ப் பெயர் பரவியுள்ளது. கல்வி உலகம் இவ்வூரை அறிந்தது வேறொரு காரணத்தினால். தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஆசிரியரைப் பயிற்றிய கத்தோலிக்க ஆசிரியர் கலாசாலை ஒன்று இங்கே இருந்தது. நாட்டின் பாடத்திட்டம் தலைநகரில் எழுதப்படுகின்றது. அது உயிர் பெறுவதோ இத்தகைய கலாசாலைகளிற் பயின்று வெளிவந்த ஆசிரியரின் வகுப்பறையிலேயாம். ஆறாம் வகுப்பு முதலாக உள்ள நடுவகுப்பு மாணவர்க்கு விஞ்ஞானத்தை ஒரே பாடமாகக் கற்பிக்கும் முறை இலங்கைக்கு வந்த வரலாற்றை இவ்வுண்மையோடு சேர்த்து நோக்குதல் பொருந்தும்.

ஒருங்கிணைந்த விஞ்ஞானம் என்பது யாது? பௌதிகம், இரசாயனம், தாவரவியல், விலங்கியல் எனப் பிரித்து நான்கு நூல்களைக் கொடாமல், மாணவன் காணும் ஒரு பொருளிலிருந்தோ நிகழ்ச்சியிலிருந்தோ தொடங்கி, அதனை விளக்குதற்கு வேண்டிய அறிவை எத்துறையில் இருந்தாயினும் எடுத்துக்கொள்ளும் முறை அது. நான்கு பாடங்களைச் சுருக்கி ஒரே அட்டைக்குள் கட்டிவிடுதல் ஒருங்கிணைப்பு ஆகாது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையைச் சுண்ணாம்பு என்ற ஒரு பொருளைக் கொண்டே அறியலாம்.

குடாநாட்டின் நிலத்தடியிற் பரந்து கிடப்பது சுண்ணக்கல். அதனைச் சூளையில் இட்டுச் சுட்டாற் காபனீரொட்சைட்டு வாயு வெளியேற, நீறாத சுண்ணாம்பு எஞ்சுகின்றது. அதன்மீது நீர் தெளித்தவுடன் வெப்பம் எழுந்து அது நீறுகின்றது. நீறிய சுண்ணாம்பை முட்டியின் உட்புறம் பூசிப் பனையிற் கட்டினால் இனிய கருப்பநீர் கிடைக்கின்றது. பூசாத முட்டியில் விழும் அதே நீர் கள்ளாகின்றது. கண்ணுக்குப் புலப்படாத மதுவம் என்னும் நுண்ணுயிர் வெல்லத்தை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுவதே இதற்குக் காரணம். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்நுண்ணுயிரின் தொழிலைத் தடுக்கின்றது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் மாணவன் வாயால் ஊதினால் அது பால்போல் வெளுக்கின்றது. சூளையில் இருந்து வெளியேறிய வாயுவும், கள்ளில் நுரைத்த வாயுவும், தன் மூச்சில் வரும் வாயுவும் ஒன்றே என்பதை அவன் அப்பொழுது உணர்கின்றான். இங்கே இரசாயனம் எங்கே முடிந்தது, உயிரியல் எங்கே தொடங்கியது என்று கோடு கிழித்தல் அரிது. இதற்கு வேண்டியவை ஒரு முட்டியும், சிறிது சுண்ணாம்பும், ஒரு குழாயுமே.

இத்தகைய கல்வி எளிதில் வந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் மேனாட்டு விஞ்ஞானக் கல்வியின் தொடக்கத்தை வட்டுக்கோட்டையிற் காணலாம். அமெரிக்க மிசனரிமார் 1823இல் நிறுவிய செமினரியிற் கணிதமும் வானசாத்திரமும் இயற்கைத் தத்துவமும் உயர்ந்த முறையிற் கற்பிக்கப்பட்டன. கற்றோர் தெரிந்தெடுக்கப்பட்ட சிலர். மொழியோ பெரும்பாலும் ஆங்கிலம். அச்செமினரி 1855இல் மூடப்பட்டது. மானிப்பாயிற் பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் கிறீன், விஞ்ஞானத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று துணிந்து மாணவர்க்கு மருத்துவத்தைத் தமிழிற் புகட்டினார்; நூல்களையும் தமிழாக்கினார். ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. எனினும் அவர் நாட்டிய அம்முயற்சி அவருக்குப் பின் தழைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இருவகைப் பாடசாலைகள் அருகருகே நடந்தன. ஆங்கிலக் கல்லூரிகளில் ஆய்கூடம் இருந்தது. பௌதிகமும் இரசாயனமும் இருந்தன. கொழும்புத்துறைக்கு அணித்தான சம்பத்திரிசியார் கல்லூரியில் 1917இல் விஞ்ஞான ஆசிரியராக அமர்ந்தவர், பின்னாளில் விபுலாநந்த அடிகள் எனப் போற்றப்பட்ட மயில்வாகனனார் ஆவர். 1930களிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணியிலும் அவர் முன்னின்றார். தமிழ்ப் பாடசாலைகளிலோ இயற்கைப் பாடமும் சுகாதாரமும் தோட்டவேலையுமே விஞ்ஞானத்தின் இடத்தில் நின்றன. ஒரே ஊரில், ஒரே தெருவிற் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒருவன் சோதனைக் குழாயைக் கையிலேந்தினான். மற்றவன் அதன் படத்தைத் தானும் கண்டிலன். இப்பிளவே பிற்காலச் சீர்திருத்தங்களின் ஆணிவேரான கேள்வியை எழுப்பியது. விஞ்ஞானம் யாருக்கு உரியது?

1945இல் வந்த இலவசக் கல்வி அப்பிளவின் ஒரு சுவரை இடித்தது. தாய்மொழிக் கல்வி கீழ்வகுப்புகளில் இருந்து படிப்படியாக மேலேறியமை இன்னொரு சுவரை இடித்தது. அரசகரும மொழித் திணைக்களம் தமிழில் விஞ்ஞானச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஒட்சிசன், ஐதரசன், அமுக்கம், ஒளித்தொகுப்பு முதலிய சொற்கள் வகுப்பறையில் வழங்கலாயின. உதவிபெறும் பாடசாலைகளைப் பற்றிய 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளையும் தன் வரம்பிற்குள் கொணர்ந்தது. எனினும் ஆய்கூடமில்லாத பாடசாலைகள் ஆய்கூடமில்லாமலே இருந்தன. சொல் வந்தது, செய்முறை வரவில்லை.

இக்குறை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் உலகப் போரில் அழிந்த நாடுகளின் பள்ளிகளுக்காக, தகரமும் போத்தலும் கயிறும் கொண்டு கருவிகள் செய்யும் வழிகளை விளக்கி 1948இல் ஒரு சிறு நூலை யுனெசுக்கோ வெளியிட்டது. அதுவே வளர்ந்து 1956இல் விஞ்ஞான ஆசிரியர்க்கான பெருங் கைந்நூல் ஆயிற்று. விஞ்ஞானக் கற்பித்தலை ஒருங்கிணைப்பது பற்றி 1968இற் பல்கேரியாவில் உலக மாநாடு ஒன்று கூடியது. அதற்கு அடுத்த ஆண்டில் இசுக்கொத்துலாந்து, கீழிடைநிலை மாணவர்க்கான ஒருங்கிணைந்த விஞ்ஞானத் திட்டத்தை வகுத்தது. மலேசியா முதலிய நாடுகள் அதனைத் தத்தம் நிலைக்கேற்பத் தழுவின.

இலங்கையில் மாற்றத்தை விரைவுபடுத்தியது 1971 ஏப்ரலில் எழுந்த இளைஞர் கிளர்ச்சி. கற்றும் வேலை பெறாதோரின் மனக்கசப்பை அது நாட்டுக்கு உணர்த்தியது. கல்வியமைச்சர் பதியுதீன் முகமது காலத்தில், 1972இல், புதிய கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லா மாணவர்க்கும் ஒரே பாடவிதானம் என்பது அதன் அடிப்படை. விஞ்ஞானம் ஒருங்கிணைந்த ஒரே பாடமாக யாவர்க்கும் விதிக்கப்பட்டது. ஊர்த் தொழில்களைத் தழுவிய தொழின் முன்னிலைப் பாடங்களும் உடன் சேர்ந்தன. மீன்பிடியும் பனைத்தொழிலும் வாழ்வாகக் கொண்ட கடற்கரைச் சிற்றூர்ப் பிள்ளையும் நகரக் கல்லூரிப் பிள்ளையும் விஞ்ஞானத்தில் ஒரே பாடத்தைப் படிக்கும் நிலை சட்டப்படி உண்டாயிற்று. நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் இது பெருந்திருப்பமாகும்.

சட்டத்தால் உண்டான சமத்துவம் வகுப்பறைக்குள் நுழைய ஆசிரியரே வாயில். அன்றைய பட்டதாரி ஆசிரியருள் தாவரவியல் கற்றவர் மின்சாரத்தைக் கண்டு தயங்கினார். பௌதிகம் கற்றவர் பூவைப் பிரித்துக் காட்டக் கூசினார். பயிற்சிக் கலாசாலையில் இருந்து வந்தோர் பல பாடங்களையும் கற்பித்துப் பழகியவர் எனினும், விஞ்ஞானத்திற் போதிய அடிப்படை பெறாதோர் அவருட் பலர். இவ்விருவகையினரின் வலிமையும் ஒருவரிடத்தே சேர்தல் வேண்டும் என்பதே புதிய பாடம் விடுத்த அறைகூவல். அது நிறைவேறாத இடங்களிற் சோதனை கரும்பலகையில் எழுதப்பட்டது. மாணவன் அவதானத்தையும் முடிபையும் பார்த்தெழுதினான். செய்யாத சோதனைக்கு முடிபு எழுதும் பழக்கம் விஞ்ஞானத்துக்கு நேரெதிரானது.

காலமும் துணைநிற்கவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் 1971இற் புகுந்தது. அதனாற் கொதித்த யாழ்ப்பாணத்தில், ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடும்பத்தின் எதிர்காலமாயிற்று. பல பெற்றோர், ஒருங்கிணைந்த பாடம் மேல்வகுப்புப் பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் போதுமான அத்திவாரம் ஆகுமோ என ஐயுற்றனர். அவ்வையத்தை அறியாமை என்று ஒதுக்குதல் தகாது. ஆழம் குறைந்தால் இழப்பவர் தம் பிள்ளைகளே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். புதிய முறையின்படி தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை 1975இல் முதன்முறை நடைபெற்றது. 1977இல் ஆட்சி மாறவே அப்பரீட்சை கைவிடப்பட்டுப் பழைய சாதாரண தரம் மீண்டது. சான்றிதழின் பெயர் மறைந்தது. ஆயினும் விஞ்ஞானம் யாவர்க்கும் பொதுவான ஒரே பாடம் என்ற கொள்கை மறையவில்லை. இன்றும் சாதாரண தரம் வரை இலங்கை மாணவர் விஞ்ஞானத்தை ஒரே பாடமாகவே கற்கின்றனர்.

அதே 1972இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், ஓசங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளில் இதற்கு ஒப்பான முயற்சி ஒன்று தொடங்கியது. கிசோர் பாரதி, இரசூலியா நண்பர் கிராம மையம் ஆகிய இரு தொண்டு நிறுவனங்கள் அதனைத் தொடக்கின. மாணவர் குழுவாகச் சோதனை செய்து, தாமே முடிபு காணல் அதன் நெறி. 1978இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 2002இல் அரசு அதனை நிறுத்தியது. இலங்கையிற் பாடம் மேலிருந்து கீழே வந்தது. எல்லாப் பாடசாலையையும் எட்டியது. ஆனால் செய்முறை பல இடங்களில் மெலிந்தது. ஓசங்காபாத்தில் அது கீழிருந்து எழுந்தது, செய்முறை செழித்தது, ஆனால் அரசின் ஓர் ஆணைக்கு முன் நிற்கவில்லை. பரப்பும் ஆழமும் ஒருங்கே கைகூடுதல் எத்துணை அரிது என்பதை இவ்விரு வரலாறும் காட்டுகின்றன.

ஆயினும் அவ்வருமை முயற்சியைக் கைவிடுதற்குரிய காரணம் ஆகாது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மக்கள் கிணற்றையே நம்பி வாழ்கின்றனர். மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழே பரந்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல்நீரினும் அடர்த்தி குறைந்தது என்பதே அது மிதப்பதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மேலே ஓரடி தாழ்ந்தாற் கீழே 40 அடி உவர்நீர் ஏறக்கூடும். துலா மிதித்து இறைத்த நாளில் மனிதனின் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிற்று. பொறி வந்தபின் அவ்வெல்லை அகன்றது. உரமும் கழிவும் அதே வெடிப்புகளினூடே இறங்குகின்றன. இக்கிணற்றை விளக்கப் பௌதிகம் தனித்துப் போதாது, இரசாயனமும் போதாது, உயிரியலும் நிலவியலும் உடன் வரவேண்டும். கிணறு பாடங்களைப் பிரித்து வைத்துக்கொள்வதில்லை.

கொழும்புத்துறை போன்ற கடனீரேரிக் கரையூர்களில், வைத்தியராகவோ பொறியியலாளராகவோ ஆகாத பிள்ளைகளே பலர். கிணற்றை ஆளப்போகின்றவர்களும் அவர்களே. நடுவகுப்பில் அவர்கள் கற்ற விஞ்ஞானமே பலர்க்கு வாழ்நாள் முழுவதற்குமான விஞ்ஞானமாகும். அதனை அவர்கள் கையாற் செய்து கற்றார்களா, கரும்பலகையைப் பார்த்து எழுதினார்களா என்பதை நாளைய கிணற்று நீரின் சுவை சொல்லும்.