எங்கள் ஊரில் எது எடுக்கும்?

புதிதாகச் சிம் அட்டை வாங்க வருகிறவரிடம், மாதத்துக்கு எவ்வளவு செலவு செய்ய உத்தேசம் என்று விசாரிப்பதற்கு முன்பாகவே, "எந்த ஊருங்க?" என்று கேட்கிற வழக்கம் கொங்கு நாட்டுச் சிறு பட்டணங்களின் செல்போன் கடைகளில் வெகுநாளாக இருந்து வருகிறது. ஊர்ப் பெயரைச் சொன்னதோடு கடைக்காரர் விட்டுவிடுவதில்லை. "ஊருக்குள்ளயா, தோட்டத்துலயா?" என்று மறுபடி கேட்பார், தோட்டம் என்றால், கரட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதையும் தெரிந்துகொள்வார், அதன் பிறகே, "அங்க இது எடுக்காதுங்க, அதை வாங்கிக்குங்க" என்று வேறொரு கம்பெனியின் அட்டையை எடுத்து வைப்பார். கம்பெனிகளின் விளம்பரங்களில் காணக் கிடைக்காததும், ஊர் ஊராக, தெருத் தெருவாக ஜனங்கள் தாமே அனுபவித்துச் சேர்த்ததுமான இந்த ஞானத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை எழுதி வைப்பது அவசியம் என்று நான் நினைக்கிறேன்.

நம் தேசத்தில் செல்போன் பேச்சு 1995-ஆம் வருஷம் ஜூலை 31-ஆம் தேதி ஆரம்பமாயிற்று. கல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டிடத்திலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் மோடி டெல்ஸ்ட்ரா ஸ்தாபனத்தின் வழியாகப் பேசியதையே முதல் உரையாடலாகக் குறிப்பிடுவார்கள். மகாநகரங்கள் நான்குக்கும், நகரத்துக்கு இரண்டு கம்பெனி என்ற கணக்கில் 1994-லேயே லைசென்ஸ் வழங்கப்பட்டிருந்தது; சென்னைக்கு வாய்த்தவை ஆர்.பி.ஜி. செல்லுலாரும் ஸ்கைசெல்லும். நிமிஷத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை வசூலிக்கப்பட்ட அக்காலத்தில், தமக்கு வந்த அழைப்பை எடுத்துப் பேசியவரும் பணம் கொடுக்க வேண்டியிருந்தபடியால், மணி அடித்ததும் எண்ணைப் பார்த்துவிட்டுத் துண்டித்து, பக்கத்திலிருந்த மஞ்சள் பலகைப் பூத்துக்குப் போய்த் திரும்ப அழைத்தவர்கள் அநேகர். சென்னையின் எல்லையைத் தாண்டியதும் நிலைமை வேறு. சென்னை ஒரு வட்டம், புதுச்சேரி உள்ளிட்ட ஏனைய தமிழ்நாடு மற்றொரு வட்டம் என்று லைசென்ஸ் பிரிந்திருந்து, 2005-ல்தான் இரண்டும் ஒன்றாயின. அதுவரையில் சென்னைக்காரர் ஒருவர் செங்கற்பட்டைத் தாண்டித் தெற்கே போனால், தம் சொந்த ராஜ்யத்துக்குள்ளேயே அயலார் ஆனார்.

ஏனைய தமிழ்நாட்டில் பி.பி.எல். நிறுவனமும், சி. சிவசங்கரன் தோற்றுவித்து 1999-ல் சேவை தொடங்கிய ஏர்செல்லும் வியாபாரம் செய்தன. லைசென்ஸுக்காக அரசாங்கத்துக்குக் கட்ட ஒப்புக்கொண்ட பெருந்தொகையின் பாரத்தால் கம்பெனிகள் தத்தளித்துக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், கோவை, திருப்பூர், மதுரை, திருச்சி முதலிய ஊர்களையும் அவற்றை இணைக்கும் நெடுஞ்சாலைகளையும் விட்டு விலகி ஒரு கோபுரம் நிறுத்த எவருக்கும் துணிவு வரவில்லை. நிலையான தொகைக்குப் பதிலாக வருமானத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்று 1999-ஆம் வருஷத்துப் புதிய கொள்கை ஏற்படுத்திய பிற்பாடே, கோபுரங்கள் சாலையை விட்டிறங்கிக் கிராமங்களுக்குள் பிரவேசித்தன.

ஒரே ஊரில் ஒரு கம்பெனியின் சிக்னல் வீட்டுக்குள்ளும் எட்டுவதற்கும், மற்றொன்றின் சிக்னல் திண்ணையோடு நின்றுவிடுவதற்கும் காரணம் அலைவரிசையில் இருக்கிறது. முதலில் வந்த இரு கம்பெனிகளுக்கும் அரசாங்கம் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கொடுத்தது. 2002-ல் களத்தில் இறங்கிய பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கும் அதுவே கிடைத்தது. 2001-ஆம் வருஷத்து ஏலத்தில் நான்காவதாக வந்தவர்களுக்கு 1800 மெகாஹெர்ட்ஸ். அதிர்வெண் குறைந்த அலை, சக்தி அதிகம் குன்றாமல் நெடுந்தூரம் போவதோடு, கம்பி கட்டிய கான்கிரீட் கூரையையும் ஓரளவு ஊடுருவும். அதிர்வெண் கூடக்கூட அதன் எட்டும் தூரம் சுருங்கும். இதன் பலனாக விளைந்த ஒரு விசித்திரத்தை அநேகர் கவனித்ததில்லை. ஸ்கைசெல்லை 2000-ல் பாரதி நிறுவனம் வாங்கிக்கொண்டபடியால் ஏர்டெல் சென்னைக்குள் 900-ஐ அடைந்தது. சென்னைக்கு வெளியிலோ அது நான்காவதாக வந்து 1800-ல் நின்றது. பிற்பாடு வோடபோன் என்று பெயர் மாறிய ஹட்சின் நிலை இதற்கு நேர் எதிர்: சென்னைக்குள் 1800, பி.பி.எல்.லை வாங்கியதால் வெளியே 900. ஆகவே சென்னையிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போன பிள்ளை, "எங்க பக்கம் இதுதாம்மா நல்லா எடுக்கும்" என்று சொன்னதும், "இங்க அது கிணத்தடிக்குப் போனா போயிருதுப்பா" என்று தாய் மறுத்ததும், இரண்டுமே மெய்யாக இருந்தன. எந்தக் கம்பெனி சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது என்பதை ஜனங்கள் இவ்விதமாகவே கற்றார்கள்.

சிக்னல் எட்டும் எல்லை மனிதர் ஜீவனத்தை எவ்வளவு தூரம் மாற்றவல்லது என்பதற்கு, நமக்கு அண்டையிலுள்ள வடகேரளக் கடற்கரையைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு கரைகளில் மத்தி பிடிக்கும் மீனவர்கள், பிடித்த மீனைத் தத்தம் சொந்தக் கரையிலேயே விற்பது தொன்றுதொட்ட வழக்கமாக இருந்தது. வேறு கரையில் விலை என்ன என்பது கடலில் இருப்பவருக்குத் தெரியாது; எரிபொருள் செலவழித்து அங்கே போய்ப் பார்த்து, அங்கும் மீன் குவிந்து கிடந்தால், திரும்பி வரவும் பொழுது இராது. இதனால், ஒரு கரையில் வாங்குவோர் இல்லாமல் மீனைக் கடலிலேயே கொட்டிய அதே காலை வேளையில், சில மைல் தொலைவிலுள்ள இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பிடித்ததில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு இவ்விதம் வீணாயிற்று.

1997-ன் தொடக்கத்தில் கோழிக்கோட்டிலும், 1998-ல் கண்ணூரிலும், 2000-ல் காசர்கோட்டிலும் செல்போன் சேவை வந்தது. கோபுரங்களை நிறுத்தியவர்கள் கடலை உத்தேசித்து நிறுத்தவில்லை. பெரிய பட்டணங்கள் கரையோரமாக இருந்தபடியால் கோபுரங்களும் கரையோரமாக அமைந்தன, அவ்வளவே. ஆனால் மரமும் மலையும் மாடியும் குறுக்கிடாத சமவெளியல்லவா சமுத்திரம்! அலைகள் தடையின்றி 20, 25 கிலோமீட்டர் வரை கடலுக்குள் சென்றன. மத்தி வள்ளங்கள் தொழில் செய்ததும் பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள்ளேதான். மீனோடு திரும்பும் வள்ளம் சிக்னலின் எல்லைக்குள் நுழைந்ததும், உள்ளிருப்பவர் முதலில் ஒரு கரையின் தரகரை அழைப்பார், பிறகு இன்னொரு கரையின் தரகரை அழைப்பார், விலை படிந்த திசையை நோக்கிச் சுக்கானைத் திருப்புவார். இம்மாறுதலை வாரந்தோறும் பதினைந்து கரைச் சந்தைகளில் கணக்கெடுத்த அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ராபர்ட் ஜென்ஸன் 2007-ல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். மீன் வீணாவது அநேகமாக நின்றுபோயிற்று என்றும், மீனவர் லாபம் நூற்றுக்கு 8 உயர்ந்து, வாங்குவோர் கொடுத்த விலை நூற்றுக்கு 4 குறைந்தது என்றும் அவர் கண்டார். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருசேர நன்மை விளைவது வியாபாரத்தில் அபூர்வம். அந்த அபூர்வம் நிகழ்ந்தது, ஜி.எஸ்.எம். முறையில் ஒரு கோபுரத்தின் எல்லை சாதாரணமாக 35 கிலோமீட்டர் வரை நீளக்கூடியது என்ற ஒரு தொழில்நுட்ப விதியின் தயவால். கடலுக்குப் போகிறவர் எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டால், கரையில் எத்தனை கோடு காட்டுகிறது என்பது அவருக்குப் பொருட்டல்ல. கரை மறைந்த பிறகும் எது எடுக்கிறது என்பதே பொருட்டு.

கருவிகளைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். ஒரே கம்பெனியின் அட்டையை இரண்டு போன்களில் மாற்றிப் போட்டுப் பார்த்து, ஒன்று எடுப்பதையும் மற்றது எடுக்காததையும் கண்டவர்கள், குற்றம் முழுவதும் கம்பெனியுடையதன்று என்று உணர்ந்தார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஏரியல், 1999-ல் வந்த நோக்கியா 3210 போன்றவற்றில் போனின் உள்ளே ஒடுங்கிற்று. பார்வைக்கு அழகுதான், ஆனால் பிடிக்கும் விரலே ஏரியலை மறைக்கும் சங்கடமும் உடன் வந்தது. 2003-ல் வெளிவந்த நோக்கியா 1100, டார்ச் விளக்கும் தூசி புகாத பொத்தான்களும் உடையதாய், நம் போன்ற நாடுகளை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. கிராமத்தில் அதற்கிருந்த மதிப்பு பின்னால் வந்த எந்தப் போனுக்கும் கிட்டவில்லை. திரையில் தெரியும் கோடுகளை மாத்திரம் நம்பி ஒரு போனை மற்றொன்றோடு ஒப்பிடுவது சரியன்று. எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொதுவான அளவு கிடையாது. ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டப்படி வரைகிறது. 2010-ல் ஐபோன் 4 கையில் பிடித்த விதத்தால் சிக்னல் இழப்பதாகப் புகார் கிளம்பியபோது, கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே பிழையாக இருந்து, உள்ளதைவிட அதிகம் காட்டி வந்ததென்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

உள்வரும் அழைப்புகள் 2003-ஆம் வருஷம் மே மாதம் முதல் இலவசமாயின. செல்போன் கூலிக்காரர் சட்டைப் பைக்கும் வந்து சேர்ந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. ஆனால் அதே தசாப்தத்தின் இறுதியில் தமிழ்நாட்டைப் பீடித்த நெடிய மின்வெட்டு ஜனங்களுக்கு இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. கோபுரம் இருந்தால் போதாது. அதன் அடியிலுள்ள பாட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் உயிரோடு இருக்க வேண்டும். கரண்ட் போன அரைமணிக்குள் எந்த டவர் படுத்துவிடும், எது இரவெல்லாம் தாங்கும் என்பதைக் கிராமத்தார் அறிந்திருந்தார்கள். ஒன்றை நம்பியிருக்க முடியாதபடியால், இரட்டைச் சிம் போன் வந்ததும் அதை ஆவலோடு ஏற்றார்கள்: ஊருக்கு ஒன்று, வேலைக்குப் போகும் பட்டணத்துக்கு ஒன்று. இரட்டைச் சிம்மில் காலம் தாழ்த்திய நோக்கியா அதற்காக நம் நாட்டில் பெரும் விலை கொடுத்தது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, மின்சாரம் துண்டிக்கப்பட்டு, ஜெனரேட்டர்களும் நீரில் அமிழ்ந்து, அதிகக் கோபுரங்களை உடைய நகரமே பல பகுதிகளில் ஊமையாயிற்று; மாடியில் நின்று மீட்புக்காக அழைத்தவர்களின் அநுபவத்தில், அன்றைக்கு ஒரு நிமிஷ சிக்னலுக்கு விலையே இல்லை.

எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011-ஆம் வருஷம் ஜனவரி 20-ஆம் தேதி தேசம் முழுவதற்கும் வந்தது. அதன் அருமையை நம்மவர் உள்ளபடி உணர்ந்தது 2018-ல். ஏர்செல் தமிழ்நாட்டில் பிறந்து, இங்கே முதலிடத்தில் இருந்த கம்பெனி. 2006-ல் மலேசியாவின் மாக்ஸிஸ் நிறுவனத்தின் கைக்குப் போன பின்பும், ஜனங்கள் அதைத் தங்கள் ஊர்க் கம்பெனியாகவே பாவித்தார்கள். 2016-ல் ஜியோ களத்தில் இறங்கிய பின் எழுந்த விலைப்போரில் கடன் மூழ்கடிக்க, 2018 பிப்ரவரியில் கோபுர நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறில் கோபுரங்கள் அணைக்கப்பட்டு, ஒரே நாளில் பெருந்திரளான வாடிக்கைக்காரர்கள் சிக்னல் இழந்தார்கள். அம்மாதக் கடைசியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமானால் ஒரு குறியீட்டு எண் வேண்டும். அதைப் பெறத் தம் போனிலிருந்தே 1900-க்குச் செய்தி அனுப்ப வேண்டும். செய்தி அனுப்பவோ சிக்னல் இல்லை! பாங்குக் கணக்கும், காஸ் பதிவும், ஆதாரும், உறவினர் மனப்பாடமும் எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில் கட்டுண்டிருக்க, கோவையிலும் சென்னையிலும் அலுவலகங்களின் வாசலில் காத்துக் கிடந்தவர்களின் கோபம் முற்றிலும் நியாயமானது. விலை மலிவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஒருபுறமிருக்க, கம்பெனியின் ஆயுளையும் விசாரித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதற்குமுன் எவரும் நினைத்ததில்லை.

இப்போது தனியார் மூவரும் பி.எஸ்.என்.எல்.லும் என்ற அளவுக்குக் களம் சுருங்கிவிட்டது. ஒரே கோபுரத்தில் பல கம்பெனிகள் பங்கு கொள்வதால் ஊருக்கு ஊர் இருந்த பேதமும் சமவெளியில் குறைந்து வருகிறது. மலைகளில் அப்படியன்று, 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் போனுக்கு வந்தபோது, மலைக்கிராமப் பிள்ளைகள் மரத்தின் மேலும் தண்ணீர்த் தொட்டியின் மேலும் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். எந்த இடத்தில் எந்தச் சேவை எட்டும் என்பதைக் காட்டும் வரைபடத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் வலைதளத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் விதித்திருக்கிறது. நெடுநாள் வேண்டியிருந்த காரியம், வரவேற்கிறேன். அந்த வரைபடத்தில் இன்னும் இரண்டு விவரங்கள் சேர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்: கான்கிரீட் கூரைக்குக் கீழே சிக்னல் எட்டுமா என்பது ஒன்று, மின்சாரம் நின்றபின் அந்தக் கோபுரம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது மற்றொன்று.