கப்பி மீன் நம் ஊருக்கு வந்த வழி



சென்ற மாதக் கூட்டத்தில் கொசுத் தொல்லை பற்றிப் பேச்சு வந்தபோது, "சார் வீட்டில்தான் கப்பி மீன் குட்டி போட்டுப் பெருகிக் கிடக்கிறதே, நாலு வாளி கொண்டுவந்து பின்பக்க வாய்க்காலில் விட்டுவிடலாமே" என்று ஒருவர் சொன்னார். கைதட்டல்கூட எழுந்தது. நான் "யோசித்துச் சொல்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுன்டரில் இருந்தவனுக்கு அந்த வாக்கியம் சுலபமாக வரும். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். நான் மீன் தொட்டி வாங்கிய புதிதில் என் மாமியார், "கப்பியா? கிணத்துக் கப்பியா?" என்று கேட்டார். கிணற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் 1836-இல் லண்டனில் பிறந்து, மேற்கிந்தியத் தீவான டிரினிடாடில் குடியேறி, அங்கே பள்ளிக்கூட ஆய்வாளராக வேலை பார்த்தவர். ஓய்வு நேரத்தில் சிப்பி, பாறை, மீன் என்று சேகரிப்பார். அப்படிக் கிடைத்த ஒரு பொடி மீனை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த ஆல்பர்ட் குந்தர் 1866-இல் அதற்கு அனுப்பியவரின் பெயரையே வைத்தார். வெனிசுலாவின் கராகஸ் பக்கம் பிடிபட்ட இதே மீனுக்கு பெர்லினில் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1859-லேயே பொய்சிலியா ரெட்டிகுலேட்டா என்று பெயர் சூட்டிவிட்டார் என்பது அவருக்குத் தெரியவில்லை. முந்தி வைத்த பெயரே செல்லும் என்பது விஞ்ஞானிகளின் விதி. ஆனால் ஜனங்கள் வாயில் கப்பிதான் நின்றது. சர்டிபிகேட்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட இன்னொரு பெயர். நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தானே?

இந்த மீன் கடல் தாண்டியது அழகுக்காக மட்டுமல்ல. 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். அதன் பிறகு கொசுப் புழுவைத் தின்பது எதுவோ அதற்கெல்லாம் மவுசு வந்துவிட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸில் மலேரியா கிடையாது. ஆனால் அங்கே ஓடை, குட்டை எல்லாவற்றிலும் இந்த மீன் நிறைந்திருந்தது. லட்சக்கணக்கில் இருந்ததால் அதற்கு 'மில்லியன்ஸ்' என்றே பேர். மீன் இருக்கிறது, காய்ச்சல் இல்லை. ஆகவே மீன்தான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். ஆங்கில ஆட்சி இருந்த தேசங்களுக்கெல்லாம் கப்பியை டின்னில் அடைத்து அனுப்பத் தொடங்கினார்கள். இந்தியாவுக்கு அது வந்தது 1908, 1910 வாக்கில். அதே காலத்தில், 1912-இல், கல்கத்தா இந்தியன் மியூசியத்தைச் சேர்ந்த சீமோர் சீவெல், சௌத்ரி இருவரும் கொசுப் புழுவைத் தின்னும் நம் நாட்டு மீன்களைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார்கள். நம் வயலிலும் வாய்க்காலிலும் நெற்றியில் வெள்ளிப் பொட்டோடு நீர்மட்டத்தை ஒட்டியே நீந்துமே ஒரு சிறு மீன், அந்த வகையும் புழுவைத் தேடித் தின்னும். உள்ளூர்ச் சரக்குக்கு மதிப்பில்லை என்பது அப்போதும் இருந்ததுதான்.

பார்படோஸ் கதையின் மிச்சத்தையும் கேளுங்கள். 1927-இல் அந்தத் தீவில் மலேரியா பரவிவிட்டது. மீன் எங்கும் போய்விடவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. விசாரித்ததில், மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு அதுவரை அந்தத் தீவிலேயே கிடையாது, புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. கொசுவே இல்லாத வரவுக்கு மீன் பேரில் கணக்கு எழுதியிருக்கிறார்கள்! அதற்குள் கப்பி பாதி உலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும் கம்பூசியா மீனும் 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்துவிட்டது.

இப்போது நம் ஜில்லாவுக்கு வருகிறேன்.

1934-இல் மேட்டூர் அணை திறந்தது. அதோடு கல்லணையில் பிரியும் கல்லணைக் கால்வாயும், அதாவது நாம் தஞ்சாவூரில் 'புது ஆறு' என்று சொல்வதும், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் தண்ணீர் கொண்டுபோனது. மானாவாரியாகக் கிடந்த மண்ணில் நெல் விளைந்தது. என் அப்பாவுக்குப் பட்டுக்கோட்டை பக்கத்தில் ஒரு கிராமம். தண்ணீர் வந்தபோது அவருக்கு ஐந்து வயது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததை ஊரே தேங்காய் உடைத்து வரவேற்றதாம். அடுத்த சில வருடங்களில் முறைக்காய்ச்சல் வீடு வீடாகப் படுக்க வைத்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கம்; தபாலாபீசில் விற்ற கொயினா பொட்டலம்; அதன் கசப்பு. அப்பாவின் தங்கை மூன்று வயதில் அந்தக் காய்ச்சலில்தான் போனாள். அவளுக்குப் போட்டோ கிடையாது. அப்பா தன் எண்பது வயதிலும் கொசுவலை இல்லாமல் படுத்ததில்லை, நாங்கள் சிரிப்போம்.

பட்டுக்கோட்டையில் ஏன் இப்படி ஆயிற்று என்று பார்க்க ராக்பெல்லர் பவுண்டேஷன் சார்பில் பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க மலேரியா நிபுணர் வந்து வேலை செய்தார். அவர் 1938-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, குறைபாடுள்ள, ஒழுங்கற்ற பாசனத்தால் வரும் மலேரியா என்ற பொருள்படும். நெல் நம் பழைய டெல்டாவிலும்தான் காலங்காலமாக விளைகிறது, அங்கே இந்த அளவு மலேரியா இல்லை. புதுப் பாசனப் பகுதியில் கசிவு, மண் வெட்டிய குழிகள், வடிகால் இல்லாமல் தேங்கும் நீர். அதில்தான் அந்தக் கொசு வளர்ந்தது.

ரஸ்ஸலும் டி. ராமச்சந்திர ராவ் அவர்களும் வயலில் கண்ட ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே மலேரியாவைப் பரப்பிய அனாபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் கொசு, முட்டையிடும் முன் நீர்மட்டத்துக்கு மேலே பறந்து பறந்து ஆடுமாம். நடவு நட்ட புதிதில் அதற்கு இடம் கிடைக்கும். பயிர் ஒரு அடி உயரம் வந்துவிட்டால் ஆட இடமில்லை, முட்டையிடுவதை நிறுத்திக்கொள்ளும். வெறும் தடுப்புகளை நீரில் நிறுத்திப் பார்த்தாலும் அதே கதைதான். வயலுக்குத் தண்ணீரை விட்டு விட்டுப் பாய்ச்சியும் சோதித்தார்கள். வீட்டுக்குள் வாரந்தோறும் பைரித்ரம் மருந்தை அடித்துப் பெரிய கொசுக்களைக் கொன்றும் பார்த்தார்கள், நல்ல பலன் கிடைத்தது. டிடிடி வருவதற்கு முந்தைய காலம் அது. மீன் அந்தக் கணக்கில் பெரிய புள்ளி அல்ல.

சரி, என் தொட்டிக்கு வருவோம். கப்பி முட்டை இடாது, குட்டியே போடும். சினைக்காலம் ஏறக்குறைய நான்கு வாரம். பெண் மீனின் வயிற்றின் பின்பக்கம் ஒரு கருப்புத் திட்டு பெரிதாகிக் கறுத்து, வயிறு பெட்டி போலச் சதுரித்தால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு ஈற்றுக்கு இருபது முதல் ஐம்பது குட்டி வரை சாதாரணம். பெற்ற தாயே குட்டிகளைத் தின்றுவிடும், ஆகவே பாசியை அடர்த்தியாகப் போட வேண்டும். அதில் ஒளிந்தது பிழைக்கும். பிழைத்த குட்டிகளை வேறு தொட்டிக்கு மாற்றி, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிக் கடுகளவு கரைத்துவிடுகிறேன். அதிகமானால் தண்ணீர் நாறி எல்லாம் செத்துவிடும்; என் முதல் ஈற்று அப்படித்தான் போயிற்று. குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். சில நிறப் புள்ளிகள் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் என்பதை 1920-களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் ஷ்மிட், விங்கே இருவரும் இந்த மீனை வைத்துத்தான் காட்டினார்கள். நம் இனிஷியல் மாதிரி.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண் மீன், அந்த உயிரணுவைப் பல மாதம் உடம்பிலேயே வைத்திருந்து, ஆண் இல்லாமலே அடுத்தடுத்து ஈனும். ஒரே ஒரு சினை மீன் தப்பித்தால் போதும், ஒரு குளம் நிறைந்துவிடும்.

2011 வாக்கில் என் தொட்டி நிரம்பி வழிந்தபோது, இரண்டு பிளாஸ்டிக் குடத்தில் ஊருக்குக் கொண்டுபோய் எங்கள் கிராமத்துக் குட்டையில் விட்டேன். அத்தைக்குச் செய்யும் உபகாரம் என்று மனதுக்குள் நினைப்பு. மூன்று வருடம் கழித்துப் போனேன். கரையோரம் முழுக்க கப்பி. சின்ன வயதில் கொட்டாங்குச்சியில் பிடித்து விளையாடிய அந்த வெள்ளிப் பொட்டு மீனைத் தேடினேன், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. காரணம் கப்பிதான் என்று அடித்துச் சொல்லும் படிப்பு எனக்கில்லை, நான் பி.காம். பூச்சிமருந்தும் காரணமாக இருக்கலாம். ஆனால் உலகில் பல இடங்களில் கப்பி புகுந்து உள்ளூர் மீன்களுக்கு இடைஞ்சலானது பதிவாகியிருக்கிறது. அந்தக் குடத்தைச் சாய்த்த கை என்னுடையது.

ஆகவே கூட்டத்தில் கேட்டவருக்கு என் பதில்: வாய்க்காலில் விட வேண்டாம். நம் வாய்க்காலில் பிளாஸ்டிக்கும் சகதியும் அடைத்துத் தண்ணீர் நகரவே இல்லை. கப்பி அழுக்கு நீரைத் தாங்கும்தான், ஆனால் குப்பைக்கு அடியில் இருக்கும் புழுவை எந்த மீனும் எட்டாது. ஐப்பசி மழையில் வாய்க்கால் பெருகினால் மீன் நேரே வயலுக்குப் போய்விடும். டெங்கு பரப்பும் கொசுவோ வாய்க்காலைத் தேடுவதில்லை. பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், இவற்றில் நிற்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு இஷ்டம். அங்கே மீன் விட முடியாது, கவிழ்க்கத்தான் முடியும்.

செயற்குழுவுக்கு இரண்டு விண்ணப்பம். வாய்க்காலைத் தூர்வார நகராட்சிக்குக் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று மழைக்கு முன் ஒருமுறை போய்க் கேட்க வேண்டும். கூட வர நான் தயார். வாசலில் உள்ள தாமரைத் தொட்டிக்கும், தோட்டத் தண்ணீருக்கான சிமென்ட் தொட்டிக்கும் கப்பி பொருத்தம். இரண்டிலிருந்தும் தண்ணீர் வெளியே ஓடும் குழாய்க்கு வலை கட்டிய பிறகு பத்துப் பத்து மீன் நான் தருகிறேன். குழந்தைகள் வளர்க்க ஆசைப்பட்டால் மாலை ஐந்து மணிக்கு மேல் பி பிளாக் இரண்டாம் மாடிக்கு அனுப்புங்கள். மூடி உள்ள பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். அலுத்துப்போனால் மீனை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், எத்தனை ஆனாலும் வாங்கிக்கொள்வேன்.